ஒன்றரை மடங்கு

இப்போதெல்லாம் சுவரில் விரிசல் கண்டால் யாரும் விரலை வைத்துப் பார்ப்பதில்லை. போனை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள். படத்தை நாலு பேருக்கு அனுப்புகிறார்கள். அந்த நாலு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அதோடு விரிசல் அடைபட்டுவிட்டது என்று எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். விரிசல் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு நீள்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கொத்தனாராக இருந்து மேஸ்திரி ஆனேன். தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் நம்புவேன். மனிதர்களை நம்புவதில்லை, படித்தவர்களை இன்னும் கொஞ்சம் குறைவாக. இதை சாரிடமே நேரில் சொல்லியிருக்கிறேன். அவர் சிரிப்பார்.

சார் என்றால் இன்ஜினீயரிங் கல்லூரியில் கட்டடப் பாடம் எடுத்த புரொபசர். அவர்தான் முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் என்னைச் சாரத்திலிருந்து இறக்கி, "உங்க கைக்கு லேப்ல வேலை இருக்கு, வாங்க" என்று கூட்டிப் போனார். இருபத்தெட்டு வருஷம் அந்த லேபில் இருந்தேன். பீம் வார்ப்பது, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவது, இருபத்தெட்டாம் நாள் எடுத்து மெஷினில் ஏற்றி உடைப்பது. உடைப்பதற்காகவே ஒழுங்காகக் கட்டுகிற வேலை உலகத்தில் அது ஒன்றுதான். மெஷின் இரண்டு ஆள் உயரம். முள் ஏறும், நாங்கள் மூச்சை அடக்கி நிற்போம், பீமுக்கு அடியில் முடி போல ஒரு கோடு விழும், அப்புறம் திடீரென்று இடி மாதிரி சத்தம். சார் நோட்டில் எழுதுவார். நான் துடைப்பத்தை எடுப்பேன்.

சாருடைய ஆராய்ச்சி ஒரு துணி. கரியிலிருந்து நூல் எடுத்து நெய்த கறுப்புத் துணி. இரண்டு டப்பாப் பிசினைக் கலந்து, பழைய பீமின் அடிவயிற்றில் தடவி, அந்தத் துணியை ஒட்டிவிட்டால், வயதான பீம் இளந்தாரி ஆகிவிடும். எவ்வளவு பலம் கூடும் என்பதைத்தான் பத்து வருஷம் உடைத்து உடைத்துப் பார்த்தார். ஒன்றரை மடங்கு. அந்த எண்தான் அவரிடம் படித்த பத்துப் பிள்ளைகளுக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்தது, அவரை விமானத்தில் ஏற்றி ஊர் ஊராகப் பேச வைத்தது, கடைசியில் எல்லா இன்ஜினீயர்களும் பார்த்துக் கட்டுகிற விதிப்புத்தகத்திலும் ஏறியது. மாணவர்கள் அவருக்கு 'ஒன்றரை' என்றே பேர் வைத்தார்கள். "ஒன்றரை வருது, புத்தகத்தைத் திற" என்பார்கள். அவர் காதில் விழும். அவருக்கு அதில் பெருமைதான்.

அவர் மனைவி ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. அந்த அம்மாவுக்கு நான் வீட்டுக் குழாயும் கூரை ஓடும் பார்த்துக் கொடுக்கிற ஆள். ரிட்டையர் ஆகி ஆறு வருஷம் ஆன பிறகும் மாதத்தில் இரண்டு தடவை போவேன். "அடுப்படியில பாத்திரம் இறக்கவும் கரித்துணிதான், இவரு கட்டிக்கிட்டு அழறதும் கரித்துணிதான். என்ன, என்னோடது துவைச்சா வெளுக்கும்" என்று கணவர் காதுபடச் சொல்வாள்.

அந்த அம்மா ஒரு வியாழக்கிழமை பகலில் எனக்கு போன் செய்தாள்.

"மேஸ்திரி, கொஞ்சம் ஸ்கூல் வரைக்கும் வாங்களேன்."

"குழாயா டீச்சரம்மா?"

"இல்ல. வாங்க, சொல்றேன். சார்கிட்ட இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்."

முப்பது வருஷத்தில் அந்த அம்மா வாயில் அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. மழை வருகிற மாதிரி போக்குக் காட்டி, வராமல், காற்றையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்ட நாட்கள். பள்ளிக்கூடத்துக்கு நடந்து சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பெரிய ஹாலைத் திறந்து காட்டினாள். நீளமான ஹால், குறுக்கே ஆறு பீம். ஐம்பது வருஷத்துக் கட்டடம். நாலு வருஷத்துக்கு முன்னால் அதன் தலையில் இரண்டு கம்ப்யூட்டர் அறை கட்டினார்கள். பழைய பீம் அந்தப் பாரத்தைத் தாங்காது, அதனால் ஆறுக்கும் சாருடைய கறுப்புத் துணியை ஒட்டி, மேலே வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். ஒட்டிய கான்ட்ராக்டர் வேறு யாருமில்லை, டீச்சரம்மாவின் கூடப் பிறந்த தம்பி. எண் மாமாவுடையது, வேலை மச்சானுடையது, பள்ளிக்கூடம் அக்காவுடையது. திறப்பு விழாவில் மூன்று பேரும் சேர்ந்து நின்ற படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

"முந்தாநாள் புள்ளைங்க டெஸ்ட் எழுதிட்டிருந்தாங்க" என்றாள். "சொடக்கு போட்ட மாதிரி ஒரு சத்தம். எல்லாரும் மேல பாத்தோம். ஒண்ணுமில்ல. ஒரு பொண்ணு பேப்பர்ல மட்டும் வெள்ளையா கொஞ்சம் தூசி. அவ ஊதிட்டு எழுதிட்டா. எனக்குத்தான் அன்னையிலேர்ந்து சோறு இறங்கல."

"எந்த பீம்?"

"மூணாவது."

ஏணி போட்டு ஏறினேன். சுவரை ஒட்டின முனையில் பெயின்ட் ஒரு முழ நீளத்துக்குக் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தது. பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டிக்கொண்டே போனேன். ஒட்டியிருக்கிற இடத்தில் டங் டங் என்று கல்லில் தட்டுகிற சத்தம் வரும். அந்த பீமில் முனையிலிருந்து நடு வரைக்கும் பொத் பொத் என்றுதான் வந்தது, காலி டப்பாவைத் தட்டுகிற மாதிரி. நாலாவது பீமிலும் ஏறித் தட்டினேன். அங்கங்கே பொத். ஐந்தாவதில் ஏறவில்லை. இறங்கிவிட்டேன்.

"என்ன மேஸ்திரி?"

"ஹாலைப் பூட்டுங்க."

"பெரிய பரீட்சைக்கு பதினோரு நாள்தான் இருக்கு. முந்நூறு புள்ளைங்க. எங்க உக்கார வைப்பேன்?"

"மரத்தடியில வைங்க. பூட்டுங்க மொதல்ல."

பூட்டினாள். சாவியைக் கைப்பையில் போடாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டாள்.

சாரிடம் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தம்பியும் வந்திருந்தான். சோறு, கீரை, பொரித்த முட்டை. மின்விசிறி கடகடவென்று சுற்றியும் யாருக்கும் காற்று வரவில்லை. சார் அதற்குள் ஹாலுக்குப் போய், சின்னச் சுத்தியலால் ஆறு பீமையும் தட்டி, ஒரு தாளில் படம் போட்டு, காலியான இடங்களுக்கெல்லாம் சிவப்பு மையால் தீற்றி வைத்திருந்தார். அந்தத் தாள் சாப்பாட்டு மேஜையில், ஊறுகாய்க் கிண்ணத்துக்கு அடியில் இருந்தது. சிவப்பு நிறையவே இருந்தது.

"பிசின்ல கை வெச்சியா?" என்று சார் மச்சானைக் கேட்டார். "கலவையில ஏதாவது மிச்சம் பிடிச்சியா? உண்மையைச் சொல்லு."

"மாமா, அக்கா ஸ்கூல் அது. நான் மிச்சம் பிடிக்கிறதுன்னா அங்கயா பிடிப்பேன்?"

"அப்ப வேற எங்கயோ பிடிக்கிற" என்றாள் டீச்சரம்மா.

"அக்கா, நீ சும்மா இரு. மாமா, உங்க புத்தகத்துல நாப்பத்தோராம் பக்கம். எனக்கு மனப்பாடம். பீமோட அடியைக் கம்பி பிரஷ்ஷால தேய்க்கணும், தூசியைத் தட்டணும், பிசின் தடவணும், துணி ஒட்டணும். தேய்ச்சேன், தட்டினேன், தடவினேன், ஒட்டினேன். வேலை நடக்கும்போது ரெண்டு தடவை நீங்களே வந்து பாத்தீங்க. டீ வாங்கிக் குடிச்சீங்க. அப்ப ஒண்ணும் சொல்லலையே?"

"சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல அப்போ."

"அப்ப இப்ப என்ன புதுசா இருக்கு? நான் திருடன், அதானே?"

"திருடன்னு யாருடா சொன்னா?"

"சொல்லாம சொல்றீங்க. நாளைக்கு ஏதாவதுன்னா பேப்பர்ல யார் பேரு வரும்? விதிப்புத்தகம் எழுதினவர் பேரா? ஒட்டினவன் பேருதான் வரும்."

சார் தட்டில் கையை வைத்துக்கொண்டே இருந்தார். பிசையவில்லை. "நான் எழுதினதுல தப்பு இல்ல. கம்பி பிரஷ் போட்டுத்தான் லேப்ல முப்பத்தாறு பீம் ஒட்டினோம். ஒண்ணு கூட இப்படி உரிஞ்சு வரல. முப்பத்தாறும் ஒன்றரை மடங்குக்கு மேல தாங்கிட்டு, கல்லோட பிச்சுக்கிட்டுத்தான் போச்சு. கேளு, மேஸ்திரியைக் கேளு. என்ன மேஸ்திரி?"

என் வாயில் கீரை இருந்தது. விழுங்கினேன்.

"முப்பத்தேழு சார்" என்றேன்.

"என்னது?"

"முப்பத்தேழு பீம். மொதல் பீமை நீங்க சேர்க்கல."

சார் என்னைப் பார்த்தார். ஞாபகம் வந்துவிட்டது, கண்ணில் தெரிந்தது. முதல் பீமுக்கு அவர் சொன்னபடி கம்பி பிரஷ்தான் போட்டேன். மெஷினில் ஏற்றி, பாதி பாரம் கூட வரவில்லை, துணி முழுசாக வாழைத்தோல் மாதிரி உரிந்து தொங்கியது. வந்திருந்த இரண்டு வெளியூர் புரொபசர்களுக்கு முன்னால் சார் முகம் செத்துவிட்டது. திரும்பி என்னிடம், "வார்ப்பு சரியில்ல மேஸ்திரி, இதைத் தூக்கி வெளிய போடுங்க" என்றார். நோட்டில் அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

என் வார்ப்பு சரியில்லையாம். சாரத்தில் நின்ற காலத்தில் கூட என் வார்ப்பை ஒருத்தன் குறை சொன்னதில்லை. அந்த பீமை வெளியே தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்து பார்த்தேன். உரிந்த துணியின் முதுகில் வெள்ளையாக, மாவு மாதிரி ஒரு படலம். சிமென்ட் காயும்போது முகத்தில் படிகிற பால். பிசின் அந்தப் பாலைத்தான் பிடித்திருந்தது. பால் கல்லைப் பிடிக்கவில்லை. கம்பி பிரஷ் அதைச் சொறிந்து மட்டும் விடும், எடுக்காது.

"ரெண்டாவது பீம்லேர்ந்து நான் கிரைண்டர் போட்டேன் சார்" என்றேன். "மெக்கானிக்கல் ஒர்க்ஷாப்ல சாப்பாட்டு நேரத்துல ஆள் இருக்க மாட்டாங்க. அவங்க கிரைண்டரை எடுத்து வந்து, பீமோட அடியை ஜல்லி பல்லைக் காட்டற வரைக்கும் அரைப்பேன். தூசியை ஊதி, தின்னர் போட்டுத் துடைச்சு, உள்ளங்கையை வெச்சுப் பாப்பேன், ஈரம் இருக்கான்னு. அதுக்கு மேல கம்பி பிரஷ்ஷும் ஒரு தடவை போடுவேன். நீங்க வந்து 'பிரஷ் போட்டாச்சா'ன்னு கேப்பீங்க. 'ஆச்சு'ன்னு சொல்வேன். அது பொய் இல்ல."



"முப்பத்தாறுக்குமா?" என்றார் சார்.

"முப்பத்தாறுக்கும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. பர்மிஷன் இல்லாம அடுத்த டிபார்ட்மென்ட் சாமானைத் தொட்டா மெமோன்னு போர்டு எழுதி மாட்டியிருந்தாங்க. அதுவுமில்லாம, என் வார்ப்பு சரின்னு உங்களுக்குக் காட்டணும்னு இருந்துச்சு. காட்டினேன்."

"கேக்கலன்னா சொல்ல மாட்டியா நீ?"

அத்தனை வருஷத்தில் அவர் என்னை 'நீ' என்று சொன்னது அன்றுதான்.   ஒன்றரை என்று ஊரெல்லாம் சொன்னபோது நான் பின்வரிசையில் நின்று கைதட்டினவன். அந்த அரை மடங்கு என் கை என்று எனக்குத் தெரியும். அது புத்தகத்தில் ஏறி, பார்த்திராத ஊர்களில், பார்த்திராத ஆட்களின் கையில் கம்பி பிரஷ்ஷாக மாறும் என்றுதான் தெரியாது. தெரியாது என்றும் சொல்ல முடியாது. யோசிக்கவில்லை.

மச்சான் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தான். "ஆக, நான் திருடன் இல்ல. புத்தகம்தான்..."

"வாயை மூடுடா" என்றாள் அக்கா. பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "எத்தனை கட்டடம்?"

"என்ன?"

"இந்த நாப்பத்தோராம் பக்கத்தைப் பாத்து ஒட்டின கட்டடம் எத்தனை?"

"எனக்குத் தெரிஞ்சு, இது போக இருபத்திரண்டு" என்றார் சார். "தெரியாதது எத்தனையோ."

யாரும் அதற்கு மேல் சாப்பிடவில்லை. முட்டை தட்டிலேயே காய்ந்தது.

மறுநாளே சார் வேலையில் இறங்கினார். குறை சொல்லக் கூடாது, அந்த வயசில் ஏணியில் ஏறி நின்றார். காலியான இடத்திலெல்லாம் ஊசிமுனைத் துளை போட்டு, டாக்டர் ஊசி போடுகிற மாதிரி, புதுப் பிசினை உள்ளே அழுத்திச் செலுத்தினார்கள். மச்சான் ஆட்கள் நாலு நாள் அதைச் செய்தார்கள். அது முடிந்ததும் மேலே கம்ப்யூட்டர் அறையில் பெரிய டிரம்களை வரிசையாக வைத்துத் தண்ணீர் நிரப்பினார்கள். பீமுக்கு அடியில் எவ்வளவு தொங்குகிறது என்று காட்ட டயல் மாட்டி, ஒரு ராத்திரி ஒரு பகல் முழுக்கப் பாரத்தை அப்படியே விட்டார்கள். எட்டு மில்லிமீட்டர் வரை தொங்கலாமாம். ஐந்துதான் தொங்கியது. தண்ணீரை இறக்கியதும் அதுவும் மேலே போய்விட்டது.

சார் என்னைக் கூப்பிட்டு நாணயத்தைக் கையில் கொடுத்தார். "தட்டிப் பாருங்க மேஸ்திரி."

தட்டினேன். டங் டங் என்றது, முனையிலிருந்து முனை வரைக்கும்.

"இப்ப என்ன சொல்றீங்க?"

"அடியில பாலை எடுத்தீங்களா?"

"துணியை முழுசா உரிச்சாதான் எடுக்க முடியும். ரெண்டு மாசம் ஆகும். பரீட்சை திங்கக்கிழமை."

"அப்ப புதுப் பிசினும் பாலைத்தான் பிடிச்சிருக்கு. பால் கல்லைப் பிடிக்கல. சத்தம் மாறியிருக்கு, அவ்வளவுதான் சார்."

"லோடு டெஸ்ட் பொய் சொல்லாது மேஸ்திரி."

"பொய் சொல்லல. ஒரு நாள் தாங்குவேன்னுதான் சொல்லுது. அதுக்கு அடுத்த நாளைப் பத்தி அது பேசல."

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரீட்சை முடியட்டும். லீவுல முழுசா உரிச்சுப் பண்ணிடலாம். நானே நின்னு பண்றேன். பரீட்சை பத்து நாள்தான்."

"மத்த இருபத்திரண்டு?"

"விதிப்புத்தகக் கமிட்டிக்கு லெட்டர் எழுதி வெச்சிருக்கேன்."

"அனுப்பியாச்சா?"

"அனுப்பணும். சும்மா 'தப்பு'ன்னு எழுத முடியாது மேஸ்திரி. எவ்வளவு தப்புன்னு எழுதணும். ஒன்றரை இல்லன்னா அப்ப எவ்வளவு? ஒண்ணேகாலா? ஒண்ணா? மறுபடி வார்க்கணும், ஒட்டணும், உடைக்கணும். எண் இல்லாம லெட்டர் போட்டா யாரும் படிக்க மாட்டாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் உலகத்தில் எண் இல்லாத பயம் பயமே இல்லை.

திங்கட்கிழமை காலை நான் போயிருக்கவே வேண்டாம். போனேன். ஏழு மணிக்கே அனல் வீசியது. வானம் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. பெஞ்சுகளை இழுக்கிற சத்தம் வாசல் வரை கேட்டது. ஹால் கதவு இரண்டும் திறந்திருந்தது. முந்நூறு பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு வரிசையில் நின்றன. ஒன்றிரண்டு என்னைப் பார்த்துச் சிரித்தன, குழாய்க்காரத் தாத்தா என்று நினைத்திருக்கும்.

சார் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார், கையில் 'ஹால் பாதுகாப்பானது' என்று அவர் கையெழுத்துப் போட்ட தாள். டீச்சரம்மா வெளியே வந்து அந்தத் தாளை வாங்கினாள். படிக்கவில்லை.

"இது ஆபீசுக்கு" என்றாள். "எனக்கு வாயால சொல்லுங்க. புள்ளைங்க உக்காரலாமா?"

"உக்காரலாம்."

"உங்க பேத்தியா இருந்தா?"

"உக்காரலாம்னு சொல்றேன்ல."

"மேஸ்திரி, நீங்க?"

"நான் படிக்காதவன். என்னைக் கேக்காதீங்க."

"படிச்சவரைக் கேட்டாச்சு. உங்களைத்தான் கேக்கறேன்."

"நான் உக்கார மாட்டேன் டீச்சரம்மா."

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த அம்மா முப்பத்திரண்டு வருஷம் அவரோடு குடித்தனம் செய்தவள். எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது ஒரு பரீட்சை காலையில் புதிதாக முடிவு செய்கிற விஷயமில்லை. உள்ளே போய், மேற்பார்வை மேஜையைத் தானே இழுத்தாள். மூன்றாவது பீமுக்கு நேர் கீழே போட்டாள். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அப்புறம்தான் பிள்ளைகளை உள்ளே விடச் சொன்னாள்.

பிள்ளைகள் போய் உட்கார்ந்தன. அவள் அங்கிருந்தே வாசலைப் பார்த்து, "ஏங்க, இன்னொரு சேர் இருக்கு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், வீட்டில் காபிக்குக் கூப்பிடுகிற மாதிரி.

சார் அசையவில்லை. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் இருக்கும். பிறகு செருப்பைக் கழற்றாமலே படி ஏறினார். உள்ளே கால் வைப்பதற்கு முன் தலை தானாக மேலே போனது. சட்டென்று கீழே இறக்கிக்கொண்டு, நேராகப் போய் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை மேஜைமேல் கோர்த்து வைத்துக்கொண்டார். மச்சான் என் பக்கத்தில் வந்து நின்றான். "பாத்தீங்களா மேஸ்திரி, மாமா எவ்வளவு தைரியமா போய் உக்காந்துட்டாரு. இப்பவாவது நம்புங்க."

"கீழ யாரு உக்காந்திருக்காங்கன்னு பிசினுக்குத் தெரியுமா தம்பி?"

"என்ன பேச்சு இது, நல்ல நாள் அதுவுமா."

"பின்ன நீ ஏன் இங்க நிக்கிற? உள்ள மூணாவது சேரும் காலியாத்தான் இருக்கு."

அவன் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டான். மணி அடித்தது. முந்நூறு தாளும் ஒரே நேரத்தில் திரும்புகிற சத்தம் வந்தது. நான் அதுவரை கேட்டதிலேயே பெரிய சத்தம் மெஷினில் பீம் உடைவதுதான். இது அதைவிடப் பெரிதாகக் கேட்டது.

"டீ சாப்பிட்டுப் போங்க மேஸ்திரி" என்றான்.

"வேணாம்."

பள்ளிக்கூட வாசலுக்குக் குறுக்கு வழி அந்த ஹால் சுவரை ஒட்டிப் போகிறது, நிழலாகவும் இருக்கும். நான் அதில் போகவில்லை. சுவரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளி, மைதானத்து வெயிலில் இறங்கி நடந்தேன்.